பிலடெல்பியா மணியும் என் வீட்டுக்காரரும்

சிங்காநல்லூரில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு, தன்னைத் தவிர உலகத்தில் எவனுக்கும் வேலை தெரியாது என்ற நினைப்பு. பிலடெல்பியாவில் மகளுக்கும் மருமகனுக்கும் சின்ன மனஸ்தாபம் என்றதும், "போய்ச் சரிபண்ணிப்போட்டு வாரேன்" என்று கிளம்பினார். நானும் கூடப் போனேன். போய் இறங்கிய வாரமே அவர் சம்பந்திக்குப் போன் போட்டுச் சத்தம்போட, மருமகன் மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஞாயிறன்று மகள் எங்களுக்கு அந்த ஊரில் பேர்போன 'லிபர்ட்டி பெல்' என்ற பழைய சுதந்திர மணியைக் காட்டினாள். அதில் பெரிய விரிசல்.

"நம்ம பட்டறைக்கு அனுப்பச் சொல்லு கண்ணு, பத்த வெச்சுக் குடுத்துப்போடறேன்" என்றார்.

"முதல்ல மயிரிழை விரிசல்தானுங்கப்பா. சரிபண்ண வந்தவங்கதான் இத்தனை அகலமா அறுத்துப்போட்டாங்களாம். அப்படியும் மணி தேறலைங்க."

மகள் மணியைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்.

முதல் தடவையாக அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடிக்காத அந்த மணியை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.