கேட்க வந்ததைக் கடைசியில் வைத்தேன்

மேடானில் டச்சுக்காரர் கடை வாசலில் கால் வைக்கும்போதே வேண்டியதைக் கேட்டுவிடுகிறார். நலம் விசாரிப்பதெல்லாம் பொருள் கைக்கு வந்த பிறகுதான். சுமாத்திராவுக்கு வந்து இரண்டாண்டாகியும் எனக்கு இது பழகவில்லை. அவர்கள் பாஷையும் அப்படித்தான். எதைச் சொல்லித் தொடங்கினாலும் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் வந்து நிற்கிறது. ‘நாளை’ என்று தொடங்கினால் உடனே ‘போகிறேன்’, அதற்குப் பிறகே ‘நான்’. ‘ஓம்தாத்’, அதாவது ‘ஏனென்றால்’, வந்துவிட்டால் மட்டும் வினை நம் தமிழைப் போல வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். அங்கே மட்டும்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

புகையிலைக் கிடங்கில் பொதிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். அங்கே வண்டி ஓட்டும் திருவொற்றியூர் கபாலி என் பாடத்தைக் கேட்டுச் சிரித்தான். “இன்னா மாமு, மாட்ட ஒரு நாளு வண்டிக்கு முன்னாடி கட்றான், ஒரு நாளு பின்னாடி கட்றான்! வண்டி எப்புடி வூடு போய்ச் சேரும்?”

சென்ற மாதம் ராயபுரத்திலிருந்து கடிதம் வந்தது. என் அப்பா சரக்குப் படகில் துடுப்புப் போடுபவர். இரண்டு படகுகளுக்கு நடுவே அவர் கால் நசுங்கிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள்: “கால் போச்சு நைனா. காச்ச வுடல. ஒரு தபா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ.” சனிக்கிழமைக் கப்பலில் ஏறக் கிடங்கின் டச்சுத் துரை லீவு கொடுக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படகுக்காரர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன். குடும்பம், நோவு, கஷ்டம் எல்லாம் சொல்லிக் கடைசி வரியில்தான் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதையில்லை. “மொதல்ல தொரை மனசு எறங்கட்டும்டா,” என்பார் அப்பா.

வெள்ளிக்கிழமை துரை முன்னால் அப்படியே தொடங்கினேன். ஓம்தாத் என் தந்தை முதியவர், ஓம்தாத் அவர் கால் நசுங்கிவிட்டது, ஓம்தாத் காய்ச்சல் விடவில்லை. வினைகளெல்லாம் தப்பாமல் கடைசியில் நின்றன. துரை பொறுமையாகக் கேட்டார். “மிகவும் வருந்துகிறேன். உன் டச்சு தேறிவிட்டது,” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியவர்கள் எழுந்தால் ஒதுங்கியே பழகிய உடம்பு, வழி விட்டேன். தோட்டங்களைப் பார்க்க மோட்டாரில் போனவர் திங்கட்கிழமைதான் திரும்பினார்.

“கேட்டியா?” என்றான் கபாலி.

“எல்லாம் சொன்னேன்.”

“டேய், சொன்னது கெடக்கட்டும். கேட்டியா?”

அடுத்த கப்பலுக்கு முன் இரண்டாம் கடிதம் வந்தது. அதில் அப்பாவின் பேச்சு இல்லை. எழுதியவரே தம் வார்த்தையில் எழுதியிருந்தார். காரியமும் முடிந்துவிட்டதாம்.

‘திரும்பி வருகிறேன்’ என்பதை டச்சில் பிளந்து வைப்பார்கள். ‘கோம்’, வருகிறேன், முன்னால். ‘தெருக்’, திரும்பி, வாக்கியத்தின் கோடியில். நடுவே எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். நேற்று நோட்டில் ‘இக் கோம்’, நான் வருகிறேன், என்று எழுதி, பின்னால் பினாங்கு, கடல், ராயபுரம், ஆளில்லாத துடுப்பு என்று வைத்துக்கொண்டே போனேன். கடைசிச் சொல்லுக்கு வரியில் இடம் இருந்தது. எழுதவில்லை.