இடது தோளில் வைத்த பஞ்சு

கோட்டு மாஸ்டருக்குக் கோணல் என்றாலே ஆகாது. வாடிக்கையாளர் கடைக்குள் கால் வைக்கும்போதே, "உங்களுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்று சொல்லிவிடுவார். வந்தவர் மனம் நொந்துபோவதற்குள், "கவலைப்படாதீங்க, கோட்டு போட்டா தெரியாது" என்று சேர்த்துக்கொள்வார். தெரியவும் தெரியாது. இறங்கிய தோளுக்குள் ஒரு மடிப்புப் பஞ்சைக் கூடுதலாக வைத்தால் தீர்ந்தது. கனத்த கத்தரிக்கோலைக் காலமெல்லாம் பிடித்ததில் அவருடைய வலது தோளே தொங்கிப்போயிருந்தது. அதனால் வெயிலோ குளிரோ, கோட்டு போடாமல் மனிதர் வெளியே தலைகாட்ட மாட்டார்.

அவருக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது. போன வருடம் மளமளவென்று வளர்ந்தாள். பள்ளிக்கூடக் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது இடது தோள் இறங்கியிருந்தது. பஞ்சு வைத்தார். சில மாதம் கழித்துக் கோட்டின் ஓரம் ஒரு பக்கம் மேலேறியது. தையலைப் பிரித்து இறக்கிவிட்டு, இன்னொரு மடிப்புப் பஞ்சும் வைத்தார். "இவ்வளவு கனமா பை தூக்கினா தோள் இறங்காம என்ன செய்யும்?" என்று மனைவியிடம் பள்ளிக்கூடத்தைத் திட்டினார். அதோடு சரி.

விஷயத்தைப் போட்டு உடைத்தது ஒரு ரெடிமேடு பனியன். விளையாட்டுப் போட்டிக்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மகள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. மாஸ்டருக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருடமாக ரெடிமேடைச் சும்மாவா திட்டினார்? பனியனை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்.

"இதத் தச்சவனுக்குக் கண்ணு இருக்கா டீச்சர்?"

விளையாட்டு டீச்சர் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவியிடம் கொடுத்து மேலே மாட்டச் சொன்னார். அவளுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"பனியன்ல ஒண்ணும் இல்ல சார். பொண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க."

டாக்டரம்மா மகளைக் குனியச் சொன்னார். முதுகில் ஒரு பக்கம் மேடு தட்டியது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. இன்னொரு ஸ்கேனும் எடுத்தார்கள். எலும்பின் அடர்த்தி அவள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

"இந்த வயசுல முதுகு வளையற பிள்ளைங்கள்ல பல பேருக்கு எலும்பும் கொஞ்சம் வலு கம்மியா இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "எதனால எது வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியல. ஆனா எலும்பு வலு கம்மின்னா வளைவு கூடுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. வளர்ச்சி நிக்கிற வரைக்கும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும். முதுகுக்கு பெல்ட் போடணும், மாத்திரை சாப்பிடணும், வெயில்ல நல்லா நடக்கணும். அதையும் மீறிக் கூடினா ஆபரேஷன்தான்." பிறகு கேட்டார்: "முன்னாடியே வந்திருக்கலாமே. தோள் இறங்கினது வீட்ல யார் கண்ணுலயும் படலையா?"

ஊரில் எவன் தோள் எவ்வளவு இறக்கம் என்று சொல்கிற மனிதர் தரையைப் பார்த்தார்.

"பட்டுச்சுங்க," என்றார். "பஞ்சு வச்சேன்."

வழியெல்லாம் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளின் கோட்டைப் பிரித்தார். இரண்டு மடிப்புப் பஞ்சும் வெளியே வந்தன. பெல்ட்டுக்கு இடம் விட்டு, ஓரத்தை நேராக மடித்துத் தைத்தார். மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் பாப்பாங்கப்பா. அந்தப் பஞ்ச வச்சுடுங்க."

"பாத்தா பாக்கட்டும்மா. நான் பாக்கணும். மறைச்சுட்டா கூடுதா, அப்படியே நிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவ மறைச்சதே போதும்."

"உங்களுக்கென்ன, நீங்க நேரா நடந்து போவீங்க."

மாஸ்டர் தன் கோட்டைக் கழற்றினார். உள்துணியை பிளேடால் கீறி, வலது தோள் பஞ்சைப் பிடுங்கி, மேசைமேல் அவளுடைய பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுடையதைவிட அவருடையது தடிமன். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சில்லாத கோட்டுகளை மாட்டிக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினார்கள். வெயில் நன்றாகவே அடித்தது. எதிரே முடிவெட்டும் கடைக்காரர் கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், கோட்டு ஒரு பக்கமா தொங்குது?"

"கோட்டு சரியாத்தான் இருக்கு," என்றார் மாஸ்டர். "ஆளுதான் கோணல்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவளை முன்னே விட்டு, அந்த இடது தோளையே பார்த்தபடி பின்னால் நடந்தார்.