மூன்றாவது சீட்டு

போன வாரம் கண்ணாடி மாற்றத் திருச்சிக்குப் போயிருந்தேன். நாற்பது தாண்டினால் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறது... கை நீளம் போதவில்லை. இந்தப் பத்திரிகைக்கான என் பத்தியையே இரண்டு மாதமாக ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ரயிலைத் தவறவிட்டேன். வேறு வழியில்லாமல் பஸ்.

இதில் என்ன விசேஷம் என்பீர்கள். இருக்கிறது. நான் புதுக்கோட்டைக்காரன். திருச்சிக்கு மாதம் ஒரு தடவையாவது போகிறவன். ஆனால் பதினாறு வருஷமாக ரயிலில்தான் போகிறேன். கேட்டால், பஸ் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பேன். அது பொய். ஏன் பொய் சொன்னேன் என்று சொல்லத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

கீரனூரில் சந்தைக் கூட்டம் ஏறியது. கூடையும் கையுமாக ஒரு பெண் எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். பஸ் ஊரைத் தாண்டியதும் திரும்பி என் புதுக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, வியர்வையில் நைந்த ஒரு சின்ன அட்டையை நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கய்யா."

பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நம் சபைகளில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் தட்டில் வசனச் சீட்டு வைத்திருப்பார்கள் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். எடுத்தது எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குக் கொடுத்த வாக்கு. அந்தச் சீட்டு.

அவள் ஊரில் ஆராதனை நடத்திய போதகருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்ததாம். அவசரமாகக் கிளம்பிவிட்டார். ஊரில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவள் மகள் இப்போதுதான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. ஆக, ஆறு வாரமாக, கர்த்தர் தனக்கு என்ன சொன்னார் என்றே தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு அலைகிறாள்.

வாசித்துச் சொன்னேன். தாமதமானாலும் காத்திரு, நிச்சயம் வரும் என்கிற தீர்க்கதரிசி வசனம்.

அவள் சிரித்துவிட்டாள். இதைத்தான் அவளுடைய அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எதற்குக் காத்திருந்தார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எங்க ஊருக்கு ஒரு வாத்தியாரு வர்றதா இருந்துச்சுங்க. எங்கப்பா அவருக்கு வீடெல்லாம் கட்டி வச்சாரு. நான் அப்பச் சின்னப் புள்ள. மண்ணு மிதிச்சிருக்கேன்."

அப்பாவின் பெயரைக் கேட்டேன்.

ஞானமுத்து என்றாள்.

பதினாறு வருஷத்துக்கு முன், புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது. வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் எங்கள் போதகரோடு சைக்கிளில் கிராம ஊழியத்துக்குப் போவேன். கீரனூர் ரோட்டில் ஓர் ஊர் – பெயர் வேண்டாம் – அங்கே பத்துப் பன்னிரண்டு குடும்பம் புதிதாக ஞானஸ்நானம் எடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு வேதப் புத்தகம் இருந்தது. பட்டுத் துணியில் சுற்றி மாடத்தில் வைத்திருந்தார்கள். வாசிக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் நின்றேன். இந்த ஊருக்கே குடிவந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறேன், கர்த்தர் என்னை அழைக்கிறார் என்று சொன்னேன். சத்தியமாக அந்த நிமிஷம் அழைத்த மாதிரிதான் இருந்தது.

ஞானமுத்து அதைப் பேச்சோடு விடவில்லை. ரோட்டோரம் இருந்த தன் துண்டு நிலத்தில் இரண்டு அறை வைத்து வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார். ஊரே சேர்ந்து மண் மிதித்தது. அவர்கள் வீடெல்லாம் கூரை. வாத்தியார் வீட்டுக்கு மட்டும் ஓடு.

ஓடு வேய்ந்த வாரத்தில்தான் எனக்கு டவுன் ஹைஸ்கூலில் இருந்து ஆர்டர் வந்தது. நிரந்தர உத்தியோகம்.

என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கர்த்தரிடம் கேட்கப் போனேன்!

எங்கள் வீட்டில் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி உண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே சுருட்டி வைத்த வசனச் சீட்டுகள். முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தேன். நான் காட்டும் இடத்துக்குப் போ என்று ஆபிரகாமுக்குச் சொன்னது வந்தது.

சரியாக ஜெபிக்கவில்லையோ என்று தோன்றியது. சீட்டை உள்ளே போட்டுக் குலுக்கினேன். மறுபடி நீண்ட ஜெபம். இரண்டாவது சீட்டு... பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன். இது போவதற்கும் பொருந்தும், இருப்பதற்கும் பொருந்தும் என்று எனக்கு நானே வியாக்கியானம் செய்துகொண்டேன். தெளிவில்லை. மறுபடி குலுக்கினேன்.

மூன்றாவதில் வந்தது, அமர்ந்திருக்கச் சொல்கிற சங்கீத வசனம்.

அல்லேலூயா. எழுந்துவிட்டேன்.

என் மனைவி கிரேஸ் அந்தப் பக்கம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். கிராமத்துக்குப் போக அவள் எப்போதோ தயாராகிவிட்டாள். மூன்று தடவையும் பார்த்திருக்கிறாள். சாக்கை அவிழ்த்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க கர்த்தர்கிட்ட கேட்டீங்களா, பொட்டிகிட்ட கேட்டீங்களா?"

நான் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, வேலையை ஏற்றுக்கொள்வதாக ஸ்கூலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் அதுகூடப் பெரிய குற்றமில்லை. அடுத்த திங்கட்கிழமை ஞானமுத்து எங்கள் சாமான்களை ஏற்றிப் போக மாட்டு வண்டியோடு வந்து வாசலில் நின்றார். அவரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். டவுனில் வேலை கிடைத்துவிட்டது, மனசு வரவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று. அவர் வருத்தப்பட்டிருப்பார், வேறு ஆள் தேடியிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கர்த்தர் என்னை இப்போதைக்கு அமர்ந்திருக்கச் சொல்லிவிட்டார் என்றேன்.

அந்த மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "கர்த்தரு சொன்னாச் சரிதாங்க. அவரு எப்ப அனுப்புறாரோ அப்ப வாங்க. வீடு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

கையில் உத்தியோக ஆர்டரை வைத்துக்கொண்டு கர்த்தர் பெயரைச் சொன்னவன் நான். கேட்டதை அப்படியே நம்பியவர் அவர். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு அழைப்பு இருந்தது?

மீதிக் கதையைத்தான் பஸ்ஸில் அந்தப் பெண் – எஸ்தர் என்று பெயர் – எனக்குச் சொன்னாள். அந்த ஊருக்கு வேறு ஆளை அனுப்பட்டுமா என்று போதகர் இரண்டு தடவை கேட்டாராம். எங்களுக்கு ஆள் இருக்கிறார், கர்த்தர் இன்னும் அனுப்பவில்லை என்று ஞானமுத்து சொல்லிவிட்டாராம். அந்தப் போதகரும் மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. அந்த ஓட்டு வீட்டில் வைக்கோல் போடக்கூட ஞானமுத்து சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் வாசல் பெருக்கிச் சாணி தெளித்து வைப்பாராம். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டால்?

"மூணு வருசம் ஆச்சுங்க அவரு போயி. கடசியாக்கூட, வாத்தியாரு வந்தா சாவி மாடத்துல இருக்குன்னு சொல்லுங்கன்னாரு."

எஸ்தர் இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை ஏன் வரவில்லை என்று பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அட்டையை வாங்கி மறுபடி முடிந்துகொண்டாள். பிறகு கேட்டாள், "நீங்க வாத்தியாருங்களாய்யா?"

பதினாறு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவன் நான். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "இல்லம்மா. ஆபீஸ் உத்தியோகம்."

அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துக் குரல் கொடுத்தார். "வாத்தியார் வீடு... வாத்தியார் வீடு இருக்கா, எறங்கு."

ஆமாம். அந்த ஸ்டாப்பிங்குக்கு அதுதான் பெயராம். ஒருநாள்கூட வாத்தியார் குடியிருக்காத வீடு. நான் ஏன் ரயிலில் போனேன் என்று இப்போது புரிகிறதா? ரோட்டில் இருந்து அந்த ஓடு தெரியுமே என்ற பயம். ஸ்டாப்பிங்குக்கே பெயர் வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எஸ்தர் கூடையை இறக்கிக்கொண்டு, ஒரு நாள் ஊருக்கு வாங்க என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்ன ஓட்டு வீடு. கதவில் பூட்டு. வாசல் பெருக்கியிருந்தது. அன்று சனிக்கிழமை.

நாம் எல்லோரும் கொஞ்சம் இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு டாக்டர் சொன்னது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போகிறோம். கர்த்தர் ஒருவர்தான் இருக்கிறார், அதனால் அவரிடமே மூன்று தடவை போகிறோம். பிடித்த பதில் வந்ததும் ஆமென் சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சங்கீத வசனம் பழக்கமானதுதான். என் வாழ்க்கை வசனம் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஒரு வாசகர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எனக்கு அனுப்பியும் வைத்தார். முன்னறையில் மாட்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். வசனத்தின் மேல் தப்பில்லை... அது என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாத்தியார் நான்தான் என்று அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து எனக்குக் காபி வருகிறது, பேச்சு வரவில்லை.

போய் எஸ்தரிடம் உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் அவள் அப்பாவின் நம்பிக்கையையும் சேர்த்து உடைத்தவன் ஆவேனா? சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை சனிக்கிழமை அந்த வாசலைப் பெருக்குவாள்? நேற்றுக் காலை இதற்கு விடை கேட்க நான் என்ன செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அலமாரியைத் திறந்து அதே பெட்டியைத்தான் எடுத்தேன்.

காலியாக இருந்தது. கிரேஸ் ஒரு சீட்டு விடாமல் எடுத்துவிட்டிருக்கிறாள்.

அதனால்தான் இதை இங்கே எழுதிவிட்டேன். அதுவும், எஸ்தருக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்.