இடது கையில் ஒரு ரப்பர் பேண்ட்

வளர்மதியைப் பற்றி எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். கல்லூரியில் மூன்று வருடமும் ஐயாயிரம் மீட்டரில் பதக்கம் வாங்கியவர். அப்பா மாடசாமி திருநெல்வேலிப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். காலை ஷிப்டுக்கு அவர் பஸ் ஏறுகிற நேரத்தில் இவர் ரோட்டில் ஓட ஆரம்பித்துவிடுவாராம். முழங்கால் போன பிறகு கோச் ஆகிவிட்டார். என் மகள் இசைப்பிரியா நான்கு வருடமாக அவரிடம்தான் ஓடுகிறாள்.

எனக்கு எதையும் துருவிப் பார்க்கிற புத்தி. ஒருநாள் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது அலமாரியில் இருந்த கல்லூரிப் பதக்கங்களை எண்ணினேன். இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எங்கே என்று கேட்டேன்.

"காபி ஆறிடும், சார்" என்றார். அதோடு சரி.

இன்னொரு புதிர் ரப்பர் பேண்ட். ஐயாயிரம் மீட்டருக்குப் பன்னிரண்டரைச் சுற்று. அரைச் சுற்றை முதலில் முடித்துவிட்டால் பாக்கி பன்னிரண்டு. அதற்காக அவரிடம் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் இடது கையில் பன்னிரண்டு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் ஒன்றைக் கழற்றி வலது கைக்கு மாற்ற வேண்டும். கடைசிச் சுற்றில் இடது கை காலியாக இருக்கும். எண்ணுவதற்குத்தான் ஆள் போடுகிறார்களே, இது என்ன கிறுக்குத்தனம் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

போன மாதம் கடலூரில் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் மாநிலப் போட்டி. அதை வைத்துத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். நான்கு வருடமாக நாங்கள் காத்திருந்தது அதற்குத்தான். முன்னால் ஓடிய இரண்டு பெண்கள் இசைப்பிரியாவை ஒரு சுற்று முந்திவிட்டார்கள். சுற்று எண்ணியவர் மூவரையும் ஒரே கணக்கில் போட்டு, இவளுக்கும் கடைசிச் சுற்று என்று கை காட்டிவிட்டார். உயிரைக் கொடுத்து ஓடி முடித்தாள். மூன்றாம் இடம் என்று மைக்கில் சொன்னார்கள்.

ஓடிப்போய் வியர்வையைத் துடைத்தேன். இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் மிச்சம் இருந்தது. அப்படியானால் ஒரு சுற்று குறைவாக ஓடியிருக்கிறாள். துண்டால் துடைக்கிற சாக்கில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வளர்மதி வந்து அவள் வலது கையைப் பிடித்து எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

இசைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கனா வுழுந்திருக்கும். மைக்குல சொல்லிட்டாங்க இல்ல, வுடுங்க மிஸ்" என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணாவது மெடல் எங்கன்னு கேட்டீங்களே, சார். பரண்ல பெட்டிக்குள்ள கிடக்குது. அன்னைக்கு எனக்கும் ஒரு சுற்று குறைச்சு எண்ணிட்டாங்க. எனக்குத் தெரியும். வாயத் திறக்கல. கிருஷ்ணப்ரியான்னு ஒரு பொண்ணு, நாலாவதா வந்தா. அதோட ஓட்டத்தையே விட்டுட்டா. அவ முழுசா ஓடினவ."

சற்றுத் தள்ளி, நான்காவதாக வந்த பெண் ஷூவைக் கழற்றாமல் புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அதுவரை நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

சட்டைப் பையில் கையை விட்டேன். வெட்கமாக இருந்தது. ரப்பர் பேண்டை எடுத்து நீட்டினேன். வளர்மதி அதை வாங்கிக்கொண்டு அதிகாரிகள் மேசைக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் வேறு பெயர் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இசைப்பிரியா என்னோடு பேசவே இல்லை. சீட் போன கோபம் என்று நினைத்தேன். குள்ளஞ்சாவடியில் பஸ் நின்றது. வேர்க்கடலை வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அதைக் கழட்டுனப்பவே பாத்தேன்ப்பா" என்றாள். "மிஸ் கேட்டப்ப நான் சொன்னா நீங்க மாட்டிக்குவீங்க. அதான் சும்மா இருந்தேன். நீங்களே எடுத்துக் குடுத்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."