வராந்தாவில் பச்சை நாற்காலி

அழுதவர்கள் கண் துடைத்துவிட்டுப் போடும் ஈரக் காகிதங்களை நர்சம்மா யாருக்கும் மிச்சம் வைக்கமாட்டார். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசி உதவப் பயிற்சி கொடுக்கும் நிலையம் அது. பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். பெருக்க வரும் அக்காதான் மேசைக்கடியில் குனிந்து பொறுக்குவார். நர்சம்மா மட்டும் தானே எல்லாவற்றையும் எடுத்து, ஒரு பையில் முடிந்து, கதவருகில் வைத்துவிட்டுப் போவார். அக்காவுக்கு முதுகுவலி என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் உழைத்து ஓய்வு பெற்றபின் இதைப் படிக்க வந்தவர் அவர். தெய்வபக்தி உள்ளவர். காலையில் இரண்டு நிமிஷம் கடவுளிடம் பேசாமல் பஸ் ஏறமாட்டார்.

அந்த நிலையத்தில் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வந்தவரைப் பார்க்க உள்ளே போகும்முன், வராந்தாவில் கிடக்கும், மெத்தை போட்ட பச்சை மர நாற்காலியைத் தொட்டு, தன் நம்பிக்கை, தன் நியாயம் எல்லாவற்றையும் அதில் உட்கார வைத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். "அது உங்களுக்கு வேணும், யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா உள்ள இருக்கறவங்களுக்கு அவங்களோடது இருக்கு," என்பார்.

நர்சம்மாவிடம் வந்தவள் ஒரு தையற்காரப் பெண். சின்ன வயதில் அவளுடைய அப்பா, கோபம் வந்தால் அவளைத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டுவாராம். இப்போது அவர் படுத்த படுக்கை.

"நான் போய்ப் பாக்கப் போறதில்லக்கா. ஆனா நிம்மதியா தூங்கணும். அதுக்குத்தான் வந்தேன்," என்றாள்.

பெற்றவர் சாகக் கிடக்கையில் பிள்ளை பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது நர்சம்மாவுக்கு மூச்சு மாதிரி. அவருடைய சொந்த அப்பாவின் உயிர் பிரிந்த நேரத்தில் அவர் வேறு யாருடைய அப்பாவுக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

வாயைக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினார். மூன்றாம் வாரம் நாற்காலியைத் துடைக்க வந்த பெருக்கும் அக்கா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"யாரு நர்சம்மா இதுல உக்காந்திருந்தது? சூடா இருக்கு. மெத்தையும் அமுங்கிக் கிடக்கு."

"யாரும் இல்லியேக்கா."

"அப்ப உங்க நியாயத்துக்கு ரொம்பத்தான் எடை," என்று அக்கா சிரித்தார். நர்சம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் வாரம் அக்கா வராந்தாவைக் கழுவிவிட்டு, நனையாமலிருக்க நாற்காலியைத் தூக்கிப் பேசும் அறைக்குள் வைத்திருந்தார். நர்சம்மா வரும்போது அந்தப் பெண் ஏற்கெனவே உள்ளே காத்திருந்தாள். ஒரு நாள்தானே என்று நாற்காலியைத் தொடாமலே உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சிக்காக, வருகிறவர்களின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்வார்கள். மறுநாள் டீச்சர் அதைப் போட்டார். பாதியில் ஒரு முனகல். மரம் முனகும் சத்தம். அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததோ பிளாஸ்டிக் நாற்காலிகளில். அடுத்தாற்போல் ஒரு குரல்: "போய்ப் பாரும்மா. பெத்தவன் காத்துக்கிட்டிருக்கான்."

"டீச்சர், அது என் குரல்தான். ஆனா நான் சொல்லல. சத்தியமா சொல்லல."

டீச்சர் மறுபடி போட்டுக் கேட்டார். அவர் முகமும் வெளுத்தது. "யார் சொன்னதோ, அந்தப் பொண்ணு நீங்க சொன்னதாத்தான் கேட்டிருப்பா. நீங்கதான் சரிபண்ணணும்."

அடுத்த வாரம் அவள் ஒரு பையோடு வந்தாள்.

"இங்கிருந்து நேரா அப்பா வீட்டுக்குத்தான்க்கா. நீங்க சொன்னீங்களே."

பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். இருட்டுக்குள் அடைபட்டவள்போல மூச்சு விட்டாள். நர்சம்மாவுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. போகட்டுமே, நல்லதுதானே என்றது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அவர் பயந்தார். கடவுளே, என்னைப் பிடிச்சுக்கோ என்று மனதுக்குள் கும்பிட்டார்.

"அம்மாடி, அது உன் ஆசை இல்ல, என்னோடது. எங்க அப்பா முகத்தைக் கடைசியா நான் பாக்கல. என் குறை தீர உன்னை அனுப்பப் பாத்தேன். தப்பு என்மேலதான்."

"அப்ப போகவேணாமா?"

"போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. முதல்நாள் வந்தப்ப நீ என்ன கேட்ட?"

அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு, "தூங்கணும்னு," என்றாள். ஜிப்பை மூடி, பையைக் காலடியில் வைத்தாள்.

அப்போது, மறுபடி வராந்தாவுக்குப் போயிருந்த நாற்காலியின் மரம் முனகியது. கதவின் மங்கலான கண்ணாடியில், குனிந்த தலையொன்றின் நிழல் விழுந்திருந்தது. இருவரும் பார்த்தார்கள்.

அதற்குப்பின் இரண்டு மாதம் வந்தாள். கடைசி நாளன்று, "அப்பா போயிட்டாருக்கா. நான் போகல. அழுதேன், அப்புறம் விடியிற வரைக்கும் தூங்கினேன்," என்றாள். நர்சம்மாவுக்கு எங்கோ வலித்தது. அதை முகத்தில் காட்டாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காகிதங்களைப் பொறுக்கி முடிந்துவிட்டு, அவளோடு வெளியே வந்தார்.

படியருகில் அவள் நின்று, பச்சை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வர்றப்பல்லாம் இந்தப் பெரியவர் இங்கதான் தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காரு, முகம் தெரியல. எங்க அப்பாவாக்கா?"

நர்சம்மா பார்த்தார். வெறும் நாற்காலி. மெத்தை மட்டும், யாரோ நகர்ந்து உட்கார்ந்ததுபோல், மெல்ல அமுங்கியது.

"இல்லம்மா. அது எங்க அப்பா. என்னைப் பாக்க வந்தவரு. நான் பாத்துக்கறேன். நீ தைரியமா போயிட்டு வா."