வெயில் அளக்க வந்த ஆபீசர்

எனக்குக் காமிரா வாங்கத் தெரியும். படம் எடுக்கத் தெரியாது. இதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. மலை என்று நான் பெருமையாக நீட்டிய படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரண்டு போனப்ப எடுத்ததுங்களா?" என்று கேட்டாள்.

தப்பு முழுக்க என்னுடையது அல்ல என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணம் இருந்தது. என்னுடையது பழைய ஃபிலிம் காமிரா. வெளிச்சம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் குத்துமதிப்பாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். வெளிச்சத்தை அளக்கக் கையடக்கமான மீட்டர் ஒன்று வேண்டும். நல்ல மீட்டரின் விலையைக் கேட்டபோது, இருட்டுப் படமே தேவலை என்று தோன்றியது. செல்போனில் இலவசமாக ஒன்றை இறக்கிப் பார்த்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நடுரோட்டில் போனைப் பார்ப்பவனை ஊர் என்ன நினைக்கும் என்று அதையும் விட்டேன்.

கடைசியில் தருமபுரியில் எனக்கு ஃபிலிம் கழுவித் தரும், ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய்தான் இரண்டு பழைய மீட்டர்களை மேசையில் வைத்தார். ஒன்று, காமிராவின் தலையில் செருகிக்கொள்ளும் சின்னது. எதிரே இருப்பதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும். இன்னொன்று, கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்வது. அரைப் பந்து போல வெள்ளை மூடி, உள்ளே ஒரு முள், பேட்டரி கிடையாது. மேலே விழும் வெயிலை அளக்கும். புதியதன் விலையில் கால்வாசிகூட இல்லை.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போயி பாருங்க சார். எது ஒத்து வருதோ அத வெச்சுக்கங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாலக்கோடு பக்கம் வண்டியை விட்டேன். ரோட்டோரம் ஒரு காடு; அந்தப் பக்கத்தில் வயலைத்தான் காடு என்பார்கள். தக்காளி நடுவதற்காக மண்ணை நீளநீளமாக மேடாக்கிப் பார் கட்டி, ஒவ்வொரு பாரின்மேலும் களை வராமல் மூடும் வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட்டை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கோடுகள் பளபளவென்று ஓடி நேராக மலையடியில் போய் முடிந்தன. எனக்காகவே யாரோ வரைந்து வைத்தது போல இருந்தது.

முதலில் சின்ன மீட்டரில் பார்த்து எடுத்தேன். அடுத்து வெள்ளை மூடி. வெயில் விழும் இடத்திலேயே போய் நின்று அளக்க வேண்டும் என்று எங்கோ அரைகுறையாகப் படித்த ஞாபகம். செருப்பைக் கழற்றிவிட்டு, பாருக்கும் பாருக்கும் நடுவே நடந்து, நட்டநடுவில் நின்று மீட்டரைத் தூக்கிப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடும் ஆள் நான். கழுத்தில் வேறு கயிறு.

மோட்டார் ரூம் பக்கமிருந்து காட்டுக்காரர் வந்தார். தலையில் துண்டு. என்னைக் கண்டதும் துண்டு தோளுக்கு இறங்கியது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"என்னாங்க சார் அளக்கறீங்க?"

"வெயிலுங்க."

"எதுக்குங்க?"

காமிராவைக் காட்டி 'படம் எடுக்க' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் என் வாய்க்கு நேராகப் போகும் பழக்கம் கிடையாது.

"மேலிடத்து உத்தரவுங்க. தாலுகா பூரா வெயில அளந்து அனுப்பச் சொல்லிட்டாங்க."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சோலாருங்களா?" என்றார்.

"அதெல்லாம் இப்ப வெளிய சொல்லக் கூடாதுங்க," என்று நானும் குரலைத் தாழ்த்தினேன். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன். அவர் வீட்டம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் குடித்தேன். வண்டியில் திரும்பும்போது வழி நெடுக அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பாய் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தார். சின்ன மீட்டர் நன்றாக ஏமாந்திருந்தது. வெள்ளி ஷீட்டின் பளபளப்பைப் பார்த்து, உலகமே வெளிச்சத்தில் மிதக்கிறது என்று நம்பிவிட்டது. மலை கரிக்கட்டையாக விழுந்திருந்தது. வெள்ளை மூடியின் படத்தில் மலையில் மரம் தெரிந்தது, பாறை தெரிந்தது. ஆனாலும் ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய மனம் வரவில்லை. இன்னொரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போகும்போது ஒரே கவலை: நாற்று நட்டிருப்பார்களே, கோடுகள் பச்சையில் மறைந்திருக்குமே என்று. நடவில்லை. காடு அப்படியே வெள்ளியாகக் கிடந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அக்கம்பக்கத்துக் காடுகளில் எல்லாம் நாற்று பிடித்து நிமிர்ந்திருந்ததை என் கண் பார்த்தது, மண்டை பார்க்கவில்லை. மலைக்கு மேலே மேகம் இரண்டு துண்டாக நின்ற நேரத்தில், என் வாழ்க்கையிலேயே நல்ல படத்தை எடுத்தேன்.

"இந்தா புள்ள, சாரு வந்துட்டாரு! அந்த மெசினும் கொண்டாந்துருக்காரு!"

காட்டுக்காரர் ஓடி வந்தார். இந்த முறை துண்டே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, மீட்டரின் முள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கேட்கிற குரலில் கேட்டார்: "எங்க காட்டுல வெயிலு போதுமாங்க சார்? பக்கத்துக் காட்டவிட ஒசத்தியாத்தானங்க இருக்குது?"

சிரிப்பு வரவில்லை.

"நீங்க ஏங்க இன்னும் நடல?" என்றேன்.

"நட்டுட்டா, பயிர் நிக்கிற காடுன்னு சோலார் கம்பெனிக்காரங்க தள்ளிட்டுப் போயிருவாங்கன்னு ஊருல சொன்னாங்க. அதான் நாத்துப் பண்ணைக்குப் போன் போட்டு வேணாம்னுட்டேன். போர்ல தண்ணி கொறஞ்சு போச்சுங்க சார். வருசா வருசம் காட்டுக்கு வாடகைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, இந்தப் போராட்டமே இல்ல பாருங்க."

அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன். பிறகு காமிராவைக் கையில் தூக்கிக் காட்டிச் சொன்னேன். சோலார் இல்லை, கம்பெனி இல்லை, நான் ஆபீசரும் இல்லை, போட்டோ எடுக்கிற கிறுக்கு, அன்றைக்குச் சொன்னது விளையாட்டு. நாலு வாக்கியம்தான். அதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

அவர் சட்டையின் மேல் பொத்தானை மட்டும் கழற்றினார். பேசியது அவர் வீட்டம்மா.

"நான் அன்னிக்கே சொன்னேன். எந்த ஆபீசரு செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் காட்டுல எறங்குவான்னு. கேட்டியாய்யா நீயி?" என்னிடம் திரும்பினார். "ஏன் சார், வெளையாட்டுன்னா சிரிச்சிட்டுப் போவணுமில்ல? மோரு வாங்கிக் குடிச்சிட்டுப் போனியே?"

அந்தம்மா என்னை 'நீ' போட்டுப் பேசியது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

காட்டுக்காரர் அங்கேயே நின்று நாற்றுப் பண்ணைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணே, நம்ம நாத்து இருக்குதுங்களா?"

"நீதான வேணாம்ன? அன்னிக்கே வேற ஆளு ஏத்திட்டுப் போயிட்டான். அடுத்தது இப்பத்தான் மொளைக்குது. மூணு வாரமாவது ஆவும்பா."

"சரிங்கண்ணே."

அந்த 'சரிங்கண்ணே'வைக் கேட்டதற்குப் பதில் நான் கன்னத்தில் ஒரு அறையே வாங்கியிருக்கலாம். வேறு பண்ணை எதிலாவது விசாரித்துப் பார்க்கிறேன், வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று உளறினேன். "நீங்க போங்க சார், நாங்க பாத்துக்கறோம்," என்றார் அவர், அப்போதும் 'ங்க' விடாமல். கேட்காமல் அன்று மாரண்டஹள்ளி வரை நாலு பண்ணை ஏறி இறங்கினேன். எல்லா நாற்றும் யாரோ சொல்லி வைத்தது.

வீட்டுக்கு வந்து, முன்பே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன்; மீட்டரோடு பாய் கொடுத்திருந்த கசங்கின கைப்புத்தகத்தை முழுதாகப் படித்தேன். மலையின்மேல் விழும் அதே வெயில் நான் நிற்கும் இடத்திலும் விழுந்தால், நின்ற இடத்திலேயே அளந்துகொள்ளலாமாம். திறந்தவெளிக்கு அது போதுமாம். ரோட்டை விட்டு நான் இறங்கியே இருக்க வேண்டாம்.

வெள்ளை மூடி மீட்டரையே வைத்துக்கொண்டேன். நல்ல மீட்டர், பொய் சொல்லாது. சின்னதைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் அந்த இரண்டாவது ஞாயிற்றின் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தந்தார். "ஃப்ரேம் பண்ணி மாட்டுங்க சார், அவ்வளவு சுத்தமா இருக்குது," என்றார். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு செடிகூட இல்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

நாலு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன், மீட்டர் இல்லாமல். நட்டிருந்தார்கள். பக்கத்துக் காடுகளில் பூ விட்டிருந்தது. இவர்களுடையது நாலைந்து இலையில் நின்றது. வண்டியை நிறுத்தவில்லை. அவர்கள் பறிக்கும் நேரத்தில் ஊர்த் தக்காளியெல்லாம் சந்தைக்கு வந்து விலை விழுந்திருக்கலாம். அல்லது எல்லோரும் பறித்து முடித்த பிறகு இவர்களுடையது மட்டும் வந்து விலை ஏறியும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது, எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

காலையில் எழுந்ததும் பாலக்கோடு மண்டியின் தக்காளி விலையைப் போனில் பார்க்கிறேன். கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மனைவி மார்க்கெட்டிலிருந்து புலம்பிக்கொண்டே வருகிறாள். "ஏறட்டும் விடு," என்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.