பெரியவர் தந்த கோல்ஃப் மட்டைகள்

கோல்ஃப் என்றாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று விட்டுத் தொலைத்திருக்கலாம். விட முடியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு அரசு நிறுவனத்தின் கல்கத்தா மண்டல அலுவலகத்தில் வேலை. எங்கள் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மிஷின் மாட்டி, ஜாதவ்பூரில் பேச்சுப் பயிற்சி தரும் பள்ளியில் சேர்த்த பிறகு, ஐந்து வயதில்தான் பேச ஆரம்பித்தாள். முதலில் வந்தது 'ஜொல்'. வங்காளத்தில் தண்ணீர் கேட்டாள். எந்த பாஷையாக இருந்தால் என்ன, ஓவென்று அழுதேன். இன்னும் மூன்று வருஷம் விடாமல் வந்தால் நன்றாகப் பேசிவிடுவாள் என்றார் டீச்சர் தீதி. எங்களுக்கு வேண்டியது அதுதான். அதற்குள் மாற்றல் வரக் கூடாது.

மாற்றல் எல்லாம் மண்டலப் பெரியவர் கையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்னோடு கோல்ஃப் ஆடுகிறவர்களை அவர் ஊரைவிட்டு அனுப்புவதில்லை என்று பியூன் வரைக்கும் தெரியும். இவரும் போய்ப் பல்லை இளித்தார். பெரியவர் அப்போதுதான் புது மட்டைகள் வாங்கியிருந்தார். பழைய செட்டைப் பையோடு இவரிடம் கொடுத்துவிட்டார். ஆபீஸே வந்து கைகுலுக்கியது.

பெரியவர் ஆறடி ஆள், இளவயதிலிருந்து ஆடுகிறவர். இவர் என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். மட்டையைத் தொட்டதே இல்லை. கையுறை வாங்க பவானிபூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இவரை நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்துப் பார்த்தார். பெரியவர் மட்டை இவருக்கு நீளம். தண்டு விறைப்பு, தலை மெல்லிசு. வேகமாக வீசத் தெரிந்தவர்களுக்குத்தான் அது சரி. புதிதாக ஆடுகிறவருக்கு லேசான தண்டும், அடிப்பாகம் கனத்த அகலத் தலையும் வேண்டும், தப்பாகப் பட்டாலும் பந்து எழும்பும், முழு செட்டுகூட வேண்டாம், பாதி போதும் என்றார்.

"இதையே வாங்குங்க," என்றேன்.

"பைத்தியமா உனக்கு? பெரியவர் கொடுத்ததை மூலையில போட்டுட்டு வேற தூக்கிட்டுப் போனா, அவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகாதா?"

"பந்து போகணுமா வேண்டாமா?"

"உனக்கு ஆபீஸ் தெரியாது."

ஆமாம், தெரியாதுதான். அந்த இரும்பைப் பிரசாதம் மாதிரி சுமந்துகொண்டு போனார். லேக் கார்டன்ஸ் குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில் தினமும் வீசிப் பழகினார். முழங்கை வீங்கியது. சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டார். மைதானத்தில் பந்து தரையோடு உருண்டு புல்லுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வருகிறவர்கள் காத்து நிற்பார்கள். பெரியவருக்குக் காத்திருப்பது ஆகாது. "என் மட்டை மானத்தை வாங்கறீங்களே," என்று முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் இன்னொரு அதிகாரி ஆட வந்தார். சொந்தமாக வாங்கிய பாதி செட், அகலத் தலை. பந்து தூரம் போகாது, ஆனால் நேராகப் போகும், ஆட்டம் நிற்காது. பெரியவர் அந்த மட்டைகளைக் கேலி பண்ணினார், ஆளைச் சேர்த்துக்கொண்டார், இவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பூஜை விடுமுறை முடிந்ததும் இவருக்கு மாற்றல் வந்தது, மத்தியப் பிரதேசத்தில் ஒரு சுரங்க ஊருக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இரண்டு ஊரில் குடித்தனம் நடத்த எங்களுக்கு வக்கில்லை. அன்றைக்குத்தான் இவர் பெரியவரிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னார். வீட்டுக் கஷ்டத்தை ஆபீஸில் பேசுவது அழகில்லை என்று அதுவரை வாயே திறக்கவில்லையாம்! "முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாராம் பெரியவர். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

மூட்டை கட்டுகிற அன்று பியூன் வந்து நின்றார். இவர் இடத்துக்கு வருகிறவருக்குக் கொடுக்க, அந்த மட்டைப் பையை வாங்கிவரச் சொல்லி பெரியவர் அனுப்பியிருந்தார். என் வீட்டு மனுஷன் ஒவ்வொரு மட்டையாகத் துடைத்துக் கொடுத்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

புது ஊரில் அந்த மாதிரிப் பள்ளி கிடையாது. நாங்களே சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம். ஒரு வருஷத்துக்குள் அவள் கற்ற சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் எதிரே உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, "அப்பா... அப்பா..." என்று சொல்லிக் காட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே அவர் உதட்டைப் பார்ப்பாள். சத்தம் வராது.